பக்கத்து சீட்டு பிரேக்

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று மெக்கானிக் மூன்றாவது முறையாகச் சொன்ன பிறகுதான், டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் சந்தேகம் வண்டியை விட்டு இறங்கி மாஸ்டரின் காலில் ஏறியது.

மாஸ்டர் அவருடைய தங்கை புருஷன். ஆகவே நேரடியாகக் கேட்க முடியாது. தங்கை புருஷனை வேலைக்கு வைத்திருப்பவர் பெயருக்குத்தான் முதலாளி. காலையில் ஒரு வார்த்தை தடித்தால் மதியத்துக்குள் தங்கையிடமிருந்து போன் வந்துவிடும். மேஜை மேல் சில பொம்மைக் கார்கள் கிடந்தன. நாற்சந்தியில் யார் முதலில் போக வேண்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்குக் காட்ட வைத்திருப்பவை. அவற்றில் ஒன்றை எடுத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே முதலாளி பேச்சை ஆரம்பித்தார்.

“மாப்ள, வண்டி நல்லாத்தான் இருக்காம்.”

“நானும் அதைத்தானே மச்சான் சொல்லிட்டிருக்கேன்.”

“அப்ப ஏன் நிக்குது?”

“எப்ப?”

“எப்பவும்.”

மாஸ்டர் சுவரில் இருந்த சாலைக் குறியீடுகளின் அட்டையைப் பார்த்தார். அதில் தனக்குச் சாதகமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது போல இருந்தது.

“டீச்சரம்மாவுக்கு டிரைவிங் வகுப்பு முடியப் போகுது. இதுவரைக்கும் தபால் ஆபீஸ் திருப்பத்தைத் தாண்டலையாம். ‘என்னை ஒரு கவர்ல போட்டு ஸ்டாம்பு ஒட்டியிருந்தா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்’னு சொல்லிட்டுப் போறாங்க.”

“அங்க ஒரு நாய் படுத்திருக்கும் மச்சான்.”

“ரோட்டுலயா?”

“காம்பவுண்டுக்குள்ள.”

முதலாளி பொம்மைக் காரைக் கீழே வைத்தார். “கேட்டு திறந்திருந்துச்சா?”

“சாத்தித்தான் இருந்துச்சு. யாராச்சும் திறந்தா?”

“யாரும் திறக்கல மாப்ள.”

“திறக்கல. வாஸ்தவம்தான்.”

மாஸ்டரோடு வாதாடுவதில் இருந்த சிக்கலே இதுதான். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வார். நாய் வராது, லாரி திரும்பாது, காகம் கண்ணாடியில் மோதாது, எல்லாம் அவருக்கும் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

கற்றுக்கொடுக்கிற வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், மற்றது பக்கத்து சீட்டில், மாஸ்டரின் காலடியில். கற்றுக்கொள்பவர் பிரேக்கை மறந்துவிட்டால், அல்லது பிரேக் என்று நினைத்து வேறெதையாவது மிதித்துவிட்டால், மாஸ்டர் மிதிப்பார். ஆனால் உண்மையில் மாஸ்டருக்குச் சம்பளம் அந்தப் பிரேக்கை மிதிப்பதற்கு அல்ல, மிதிக்காமல் இருப்பதற்குத்தான். தொட்டதற்கெல்லாம் மிதித்தால் பக்கத்தில் இருப்பவன் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டான், நிற்கத்தான் கற்றுக்கொள்வான். நல்ல மாஸ்டரின் கால் பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, பால் சட்டியைப் பார்த்த பூனை மாதிரி, அசையாமல் இருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த கால் அது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட வேறு டிரைவிங் ஸ்கூல்காரர்கள் உண்டு.

இப்போது அந்தக் கால், பச்சை விளக்குக்கும் மிதித்தது. பச்சை எந்நேரமும் பச்சையாகவே இருக்கப் போவதில்லை என்பது அதன் கட்சி.

“சிகரெட்ட விட்டதுலேர்ந்துதான் மாப்ள இப்படி” என்றார் முதலாளி கடைசியாக. சொல்லிவிட்டுத் தன் சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“விடாம இருந்தா கால் போயிடும் மச்சான்.”

“அதுவும் சரிதான்” என்றார் முதலாளி. ஒத்துக்கொள்வது தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

* * *

கால் விவகாரம் வலியில்தான் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பிறகு வலது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த விரல் நீலம் பாய்ந்தது. ரத்தக்குழாய் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கருவியை வைத்துக் கேட்டார். எதுவும் கேட்காததால் இன்னொரு முறை கேட்டார். பிறகு சொன்னார்: “சிகரெட்டா, காலா? ரெண்டுல ஒண்ணு வச்சுக்கங்க.”

மாஸ்டர் காலை வைத்துக்கொண்டார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாக்கெட்டை டாக்டருடைய குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இத்தனை லேசாக விடக்கூடியதை இத்தனை வருஷம் எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று மகள் கேட்டாள்.

சிகரெட் அவரிடம் இன்னொரு வேலையும் பார்த்து வந்தது அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்கு நடுவில், ஸ்கூல் வாசல் சுவரோரம் நின்று ஒன்றைப் பற்றவைப்பார். முந்தைய ஆள் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் வண்டியை நுழைத்தது, சைக்கிள்காரர் திட்டியது, பந்தை எடுக்க ஓடிவந்த பிள்ளை, எல்லாம் அதோடு சேர்ந்து எரிந்து சாம்பலாகும். அடுத்த ஆள் கதவைத் திறக்கும்போது பக்கத்து சீட்டில் துடைத்துவைத்த மாதிரி ஒரு மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். இப்போது எரிப்பதற்கு வழியில்லை. காலையில் ஓட்டியவரின் பயத்தின் மேல் அடுத்தவரின் பயம் வந்து உட்கார்ந்தது. மதியம் ஆகும்போது, நடக்காமல் போன அத்தனை விபத்துகளும் பின் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வரும்.

வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளுக்குக் குறைச்சல் இல்லை. மனைவி கிராம்பு கொடுத்தாள். மச்சான் புதினா மிட்டாய் கொடுத்தார். மகள் கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். நிகோடின் சூயிங்கம் கேட்டதற்கு டாக்டர், இந்த வியாதிக்கு அதுவும் அதே விஷம்தான், கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார். ஆசை வரும்போது இழுத்து விட வேண்டும். தோல் சிவந்ததே தவிர ஆசை குறையவில்லை. கூடுதலாக, ரப்பர் பேண்டு எப்போது அறுந்து கண்ணில் படுமோ என்று ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

மனைவி லாண்டரிக் கவுன்ட்டரில் வேலை பார்த்தாள். வருகிற துணியை உதறி, பைகளைத் துழாவி, கறையைப் பார்த்துச் சீட்டுக் குத்துவது அவள் வேலை. அந்தப் பழக்கத்தில் தினமும் சாயங்காலம் மாஸ்டரின் வலது கைச் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். தானே பிடித்தால் புகை முழங்கைக்குக் கீழே நிற்கும். பக்கத்தில் எவனாவது பிடித்தால் முதுகிலும் தோளிலும் நிற்கும். மாஸ்டரும் வீட்டுக்குள் நுழைந்ததும், நகம் வெட்டியதைக் காட்டுகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

“கிராம்பு வாசனைதான் வருது” என்பாள்.

“வேற என்ன வரும்?”

“ஒண்ணும் வரலைன்னுதானே சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.”

“கோவமில்ல. பயமா இருக்கு.”

“எதுக்குங்க?”

“அது தெரிஞ்சா அதுக்கு மட்டும் பயந்துட்டுச் சும்மா இருப்பேனே.”

கறை என்றால் எலுமிச்சையா, உப்பா, வெந்நீரா என்று சொல்லியிருப்பாள். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தாள். மாஸ்டர் முட்டையில் ஓடு ஒட்டியிருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பாதியைச் சாப்பிட்டார்.

மகள் ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில் இருந்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குப் பொறுமையை அள்ளிக் கொடுத்துவிட்டு வருவதால், வீட்டுக்கு வரும்போது கையிருப்பு ஒன்றும் இருக்காது. ஒரு நாள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அப்பா, நீங்க இன்னிக்கு எங்க ஆபீசுக்கு போன் பண்ணீங்களா?”

“உன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா.”

“வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுடுவாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதுக்காகக் கஸ்டமர் கேர் நம்பருக்கா போடுவீங்க?”

“மூணை அமுக்கச் சொன்னாங்க. அமுக்கினேன். பாட்டுப் போட்டாங்க. ரொம்ப நேரம் பாட்டுத்தான்.”

“அந்தப் பொண்ணு ‘நான் உங்களுக்கு எப்படி உதவலாம் சார்’னு கேட்டிருக்கா. நீங்க என்ன சொன்னீங்க?”

மாஸ்டர் மணிக்கட்டு ரப்பர் பேண்டை இழுத்து விட்டார்.

“‘என் பொண்ணு அங்கதான் இருக்கா, வந்து சேர்ந்துட்டாளான்னு எட்டிப் பாத்துச் சொல்லும்மா’ன்னு சொல்லியிருக்கீங்க. அவ ‘வேற ஏதாவது உதவி வேணுமா சார்’னு கேட்டதுக்கு, ‘ரோட்டைக் கடக்கும்போது ரெண்டு பக்கமும் பாத்துக் கடக்கச் சொல்லு’ன்னு சொல்லியிருக்கீங்க. எல்லாம் ரெக்கார்டு ஆகுதுப்பா. கஷ்டமான கஸ்டமரை எப்படிச் சமாளிக்கணும்னு எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்க.”

“அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு” என்றார் மாஸ்டர். “நீதான் வீட்டுல அப்படிப் பேசறதில்ல.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்காக அடுப்படிக்குப் போனாள். மகளுக்கும் வந்திருக்க வேண்டும், ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு அப்பாவின் போனை வாங்கி அதில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். படபடப்பு வரும்போது அமுக்கினால் ஒரு பெண் குரல் வரும். மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லித் தரும். தேன் தடவிய குரல்.

“ஹெட்போன் போட்டுக் கேளுங்கப்பா.”

“ஹெட்போன் போட்டா ஹாரன் கேக்காதே.”

“அப்ப ஓட்டும்போது கேக்காதீங்க.”

“நான் எங்க ஓட்டறேன்? நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.”

அது உண்மைதான். அப்போது அதில் யாரும் தவறு காணவில்லை.

* * *

மாணவர்களில் ஒருவருக்குச் ‘சரிங்க’ என்று பெயர். பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர். எதைச் சொன்னாலும் “சரிங்க மாஸ்டர்” என்று உடனே செய்துவிடுவார். செய்யாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒரு முறை மாஸ்டர் ஜன்னல் வழியாக ஒரு பழ வண்டிக்காரரைப் பார்த்து “கொஞ்சம் தள்ளு” என்றபோது, சரிங்க கியர் மாற்றி, காரைக் கால்வாய் ஓரத்துக்கே தள்ளியிருக்கிறார். சொன்ன பேச்சு கேட்கிற ஆள் என்பதால், அவர் ஓட்டும்போது மட்டும் மாஸ்டரின் கால் கொஞ்சம் இளைப்பாறும்.

அன்றைக்கு மழை தூறலாகக் குறைந்திருந்தது. கடைத்தெருவில் தண்ணீர் தேங்கி, எது பள்ளம் எது சாலை என்று தெரியவில்லை. முன்னால் ஒரு ஆள் தண்ணீர் கேன் அடுக்கிய தள்ளுவண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாஸ்டர் வாயில் இருந்த கிராம்பைக் கடித்தார், அது ஏற்கனவே சக்கை. போனை எடுத்து அமுக்கினார்.

“வணக்கம்” என்றது குரல். “இந்த நொடியில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.”

மாஸ்டர் அதை நம்ப முயன்றார்.

“மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்.”

மாஸ்டர் இழுத்தார். பக்கத்திலும் ஒரு மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“தோள்களைத் தளர்த்துங்கள். உங்கள் கைகள் எதையும் பிடித்திருக்கத் தேவையில்லை. விட்டுவிடுங்கள்.”

சரிங்க ஸ்டியரிங்கை விட்டார்.

“இப்போது கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்.”

“சரிங்க மேடம்” என்றார் சரிங்க.

மேடம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் மாஸ்டர் திரும்பினார். இளைஞர் கோயில் சிலை மாதிரி கண்ணை மூடி, கைகளைத் தொடையில் வைத்து, சாந்தமாக உட்கார்ந்திருந்தார். வண்டி, ஓரமாக ஒதுங்கிய தள்ளுவண்டியைத் தாண்டி, குடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நோக்கித் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அத்தனை நாளாக மாஸ்டரின் கால் எதற்கு ஒத்திகை பார்த்துவந்ததோ, அது இதோ வந்துவிட்டது. முழு பலத்தையும் ஒரே மிதியில் இறக்கினார். குடைக்காரப் பெண்ணின் சேலையில் சேறு மட்டும் தெறித்தது. அவள் திரும்பி, குடையை மடக்கி, திறமையாகத் திட்டிவிட்டுப் போனாள்.

“இப்ப திறக்கலாமா மாஸ்டர்?” என்றார் சரிங்க.

பிரேக்கின் ரப்பர் தேய்ந்து ஒரு ஓரத்தில் இரும்பு தெரியும். அது ஷூவின் மெல்லிய அடியைத் தாண்டி விரலில் இறங்கியது மாஸ்டருக்குத் தெரியவில்லை. ரத்தம் போகாத விரலில் வலியும் அவ்வளவாகப் போகாது. வண்டியை அவரால் ஓட்ட முடியவில்லை, கை உதறியது. மச்சான் ஆட்டோவில் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு, ஆறுதலுக்குத் தான் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, அவரை வீட்டில் இறக்கினார்.

வீட்டில் காலுறையைக் கழற்றும்போது மழைத் தண்ணீர் என்று நினைத்திருந்தது சிவப்பாக இருந்தது. மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். “ரத்தக் கறை. குளிர்ந்த தண்ணியில போட்டாத்தான் போகும்” என்று சொல்லிக்கொண்டே குளியலறை வரை போனவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

* * *

விரல் ஆறவில்லை. கட்டு மாற்றினார்கள், மருந்து மாற்றினார்கள், விரலின் நிறம் தானாகவே மாறியது. ரத்தக்குழாய் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“புகைச்சீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“நடுவுல ஒண்ணு ரெண்டு?”

“இல்ல.”

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மச்சான் கொண்டுவந்து விட்ட அன்றைக்குச் சட்டையின் முதுகிலும் தோளிலும் இருந்த புகை வாசனை ஞாபகத்துக்கு வந்தது. முதுகுதான். தோள்தான். கையில் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தெரிந்ததை ஒரு தடவை சரிபார்க்கிற நேரம், ஒரு மூச்சு அளவு, தாமதித்துவிட்டாள்.

“இல்ல டாக்டர்” என்றாள்.

டாக்டர் ஏதோ எழுதினார். மாஸ்டர் மனைவியைப் பார்க்கவில்லை. தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று காலைக் காட்டிச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி சொன்னாள்:

“நான் இல்லைன்னுதான் சொன்னேன்.”

“கேட்டேன்.”

“சட்டைன்னு ஏதோ யோசிச்சேன். அவ்வளவுதாங்க.”

“யோசிச்சுத்தானே சொல்லணும். கேக்கறது டாக்டர்” என்றார். பிறகு ஆட்டோக்காரரிடம், “மெதுவா போப்பா, முன்னாடி வண்டி நிக்கலாம்” என்றார்.

முன்னாடி வண்டி எதுவும் இல்லை.

வீடு முதல் மாடி. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து அவரை உட்கார வைத்தார்கள். ஸ்கூலில் பக்கத்து சீட்டில் மச்சானே ஏறிக்கொண்டார். வண்டி இப்போது நன்றாக ஓடுவதாகவும், பம்பர் மட்டும் போய்விட்டதாகவும் போனில் சொன்னார். டீச்சரம்மா தபால் ஆபீஸ் திருப்பத்தைத் தாண்டிவிட்டாராம். “தாண்டி எங்க போனாங்க?” என்று கேட்டார் மாஸ்டர். “அதை விடுங்க மாப்ள” என்றார் மச்சான்.

மனைவி லாண்டரியில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். முதல் நாளே பார்த்துவிட்டாள். கீழே ஒரு ஆட்டோ வேகமாகப் போனால், மேலே கட்டுப்போட்ட கால் முக்காலியை அழுத்தியது. ஒரு பிள்ளை தெருவில் இறங்கினால் அழுத்தியது. அழுத்த அழுத்தக் கட்டுத்துணியில் சிவப்பு ஊறியது. நாற்காலியை ஜன்னலை விட்டு நகர்த்தினாள். பார்ப்பது போய்க் கேட்பது வந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு அழுத்தல். ஜன்னலைச் சாத்தினாள். சத்தமே இல்லாதபோது, இவ்வளவு நேரம் ஏன் சத்தமே வரவில்லை என்று அழுத்தியது. தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் மாஸ்டர் தூங்கினார், கால் விழித்திருந்தது.

“காலை அமுக்காதீங்க.”

“நான் அமுக்கல. அது அமுக்குது.”

“அதுகிட்ட சொல்லுங்க.”

“நீ சொல்லிப் பாரு.”

அவள் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையை மீறி அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள்பட்டை வலித்தது. காலுக்கு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸ் எடுத்தாள். தையல் விட்டுவிட்டால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும், அடுத்தது பாதத்தோடு எடுப்பது என்று பேச்சு வரும், அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“மனசு அமைதியா இருந்தா கால் அசையாது சிஸ்டர்.”

“அப்ப அமைதியா இருக்கச் சொல்லுங்க.”

“எதைக் குடுத்தா அமைதியா இருப்பார்னு எங்களுக்குத் தெரியும் சிஸ்டர்” என்றாள் அவள். குரல் தாழ்ந்துவிட்டது. “ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு தடவை. பாதி.”

அந்தப் பக்கம் நர்ஸ் யாரிடமோ “இருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். “இதுல பாதின்னு ஒண்ணு கிடையாதும்மா” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதிய வெயில் சமையலறைச் சுவரில் ஏறிய நேரத்தில், காய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள். பெட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“இருக்காரு. ஒரு சிகரெட் குடுங்க.”

“நீங்கதானே அக்கா இந்தத் தெரு முழுக்க வந்து, அவருக்குக் குடுத்தா கடையைக் கொளுத்திடுவேன்னு சொன்னீங்க?”

“வீட்டுக்குப் பிளம்பர் வந்திருக்கார். அவருக்கு.”

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பிளம்பர் எந்த பிராண்டு என்று அவர் கேட்கவில்லை. மாஸ்டர் பிடிப்பதைத்தான் எடுத்திருந்தார்.

முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் இருந்த சின்ன மேஜையில், மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மாஸ்டர் பார்த்தார்.

“நான் கேக்கலையே.”

“நீங்க கேக்கல.”

“அப்புறம்?”

“என்னால பாக்க முடியலைங்க.” அவள் உட்காரவில்லை. “குடிச்சா கால் போயிடும்னு சொல்றாங்க. குடிக்காம இருந்தா அமுக்கி அமுக்கியே போயிடும் போலிருக்கு. எப்படியும் போறது போகட்டும், இன்னிக்கு ஒரு பொழுது நீங்க நிம்மதியா இருங்க.”

“தீப்பெட்டி?”

வீட்டில் தீப்பெட்டி இல்லை. அவற்றையெல்லாம் தூக்கிப் போட்டவளே அவள்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், பொறி மட்டும் வரும் கேஸ் லைட்டரால் அடுப்பைப் பற்றவைத்தாள். மேலே பாத்திரம் வைக்காமல், தீயைக் குறைக்காமல் விட்டுவிட்டு, வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

“அங்க எரியுது” என்றாள்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. சிகரெட்டையும் அவர் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கைகளை. மடியில் கிடந்த அந்தக் கைகள் அவருடையதைவிட அதிகமாக உதறிக்கொண்டிருந்தன. இத்தனை நாளாக அவள் சட்டையை முகர்ந்தாள், கிராம்பு கொடுத்தாள், காலைப் பிடித்தாள். அந்தக் கைகள் எப்போதிருந்து இப்படி ஆடுகின்றன என்று அவருக்குத் தெரியாது. வெளியே எங்கெங்கோ நடக்காத விபத்தையெல்லாம் பார்த்த கண்ணில் இது மட்டும் படவில்லை.

“அடுப்பை அணைச்சிடு. கேஸ் போகுது” என்றார்.

“நீங்க போய் அணைங்க.”

“எனக்குக் கால்.”

“எனக்கும் கால் வரலைங்க” என்றாள் அவள்.

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தீ எதையும் சூடாக்காமல் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் எழுந்து நாலடி வைத்தால் தீர்ந்துவிடும் காரியம். சிகரெட் உருண்டு மேஜை ஓரத்துக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அது விழவில்லை, ஓரத்திலேயே நின்றுவிட்டது.

கதவு திறந்தது. மகள் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

“என்ன வாசனை? யாரு அடுப்பை இப்படி விட்டது?” உள்ளே ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள். “ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டே இருக்கீங்க, மேல ஒண்ணுமே இல்லாம எரியுது. வீட்டையே கொளுத்தப் பாக்கறீங்களா?”

அப்போதுதான் மேஜையைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பேசிய களைப்பு அவள் முகத்திலிருந்து அப்படியே இறங்கி, வேறு ஏதோ ஒன்று ஏறியது. அதை விரல் நுனியால் எடுத்து, இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தாள்.

“யாருது இது?”

“என்னுது” என்றார்கள் இருவரும்.